பலமான தாங்கிகள் இருந்தும் பிரான்ஸ் தோற்றது ஏன்?

ஒரு வியாபாரம் நொடித்துப் போனால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. "முதல் போதவில்லை" என்போம். அல்லது "சரக்கு சரியில்லை" என்போம். ஆனால் முதலும் இருந்து, நல்ல சரக்கும் இருந்து, பக்கத்துக் கடைக்காரரை விடப் பெரிய களஞ்சியமும் வைத்திருந்து தோற்றுப்போனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஏன் தோற்றார்கள் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. "காலம் சரியில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

நாடுகளுக்கும் இப்படி நடந்ததுண்டு. 1940ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி ஜேர்மனி மேற்கு நோக்கிப் படையெடுத்தபோது, பிரான்ஸிடம் ஜேர்மனியை விடக் கூடுதலான யுத்த தாங்கிகள் இருந்தன. அவற்றுள் பல, ஜேர்மனியின் தாங்கிகளை விடத் தடித்த கவசமும் வலிய பீரங்கியும் கொண்டவை. இருந்தும் ஆறு வாரங்கள் கழித்து, ஜூன் 22ஆம் திகதி, பிரான்ஸ் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. கூடுதல் சரக்கும் நல்ல சரக்கும் வைத்திருந்தவர் தோற்ற இந்தக் கதையை வியாபாரிகளாகிய நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது. அதை 1940இல் தொடங்கினால் பாதிதான் விளங்கும். கால் நூற்றாண்டு பின்னே போக வேண்டும்.

முதல் முயற்சியும் முதல் நஷ்டமும்

முதலாம் உலக யுத்தத்தில் இரு தரப்பும் அகழி வெட்டி, முட்கம்பி போட்டு, இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தி அசைய முடியாமல் கிடந்தன. அந்த முட்டுக்கட்டையை உடைப்பதற்காக, இரும்புச் சங்கிலிப் பட்டியில் ஊர்ந்து செல்லும் கவச வண்டியைப் பிரித்தானியர் உருவாக்கினார்கள். இரகசியம் வெளியே தெரியாதிருக்க, தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி செய்கிறோம் என்று கதை கட்டி அதற்கு 'டாங்க்' என்று பெயரிட்டார்கள். நீர்த்தாங்கிக்கும் யுத்த தாங்கிக்கும் நாம் ஒரே சொல்லைப் பாவிப்பது இதனால்தான். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறக்கப்பட்டது.

அதே காலத்தில் பிரான்ஸிலும் ஒருவர் இதே யோசனையில் இருந்தார். அவர் பீரங்கிப் படை அதிகாரியான கேணல் எஸ்தியேன். அவருடைய முயற்சியில் ஷ்னைடர் நிறுவனம் ஒரு தாங்கியைச் செய்தது. 1917 ஏப்ரல் 16ஆம் திகதி பெரி-ஓ-பாக் என்ற இடத்தில் சுமார் 130 ஷ்னைடர் தாங்கிகள் ஜேர்மன் நிலைகளை நோக்கிப் போயின. அன்று மாலைக்குள் பாதிக்கு மேற்பட்டவை செயலிழந்தன. ஜேர்மன் பீரங்கிகள் குன்றுகளின் மேலிருந்து அவற்றை நேராகக் குறிபார்த்தன. தாங்கியின் பெற்றோல் இருந்த இடமோ தீப்பற்றுவதற்கு வசதியான இடம். பலர் உள்ளேயே எரிந்து மாண்டார்கள். முன்னணிப் பிரிவை வழிநடத்திச் சென்ற மேஜர் பொசூவும் அன்று மாண்டார்.

இரண்டாவதாக வந்தது சென்-ஷமோன் என்ற தாங்கி. 23 தொன் எடை, எட்டுப்பேர் ஆள், முன்னால் 75 மில்லிமீற்றர் பீரங்கி. பார்வைக்குப் பெரிய வண்டி. ஆனால் அதன் உடல் சங்கிலிப் பட்டியை விட மிக நீளமாக முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆகவே அகழியில் இறங்கினால் மூக்குக் குத்தி நின்றுவிடும். அகழியைக் கடப்பதற்கென்றே செய்த வண்டி அகழியில் சிக்கியது.

சிறியதும் பலவும்

இந்த இரண்டு நஷ்டங்களின் பின்னர் எஸ்தியேன் கைவிட்டு ஓடவில்லை. சிறிய, மலிவான, ஏராளமாகச் செய்யக்கூடிய ஒரு தாங்கி வேண்டும் என்று முன்பே அவர் எண்ணியிருந்தார். கார் உற்பத்தியாளர் லூயி ரெனோவிடம் அவர் முதலில் கேட்டபோது, சங்கிலி வண்டியில் தனக்கு அனுபவமில்லை என்று ரெனோ மறுத்துவிட்டார். 1916இல் மீண்டும் சந்தித்தபோது ரெனோ சம்மதித்தார்.

அப்படிப் பிறந்ததுதான் ரெனோ எஃப்.டீ. எடை ஆறரை தொன் அளவு. ஆட்கள் இருவர் மட்டும். சாரதி முன்னால், இயந்திரம் பின்னால், நடுவில் எல்லாப் பக்கமும் சுற்றக்கூடிய கோபுரம். இன்று உலகில் ஓடும் தாங்கிகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. பெரிய தாங்கிகளை ரயிலில்தான் கொண்டுபோக வேண்டும். இதை லொறியில் ஏற்றிக்கூடப் போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். ரெனோவின் தொழிற்சாலை மட்டும் போதாது என்று மற்றக் கம்பனிகளுக்கும் வேலை பகிர்ந்து கொடுக்கப்பட்டது. யுத்தம் முடியும்போது 3,000க்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன.

ஜேர்மனி அப்போது என்ன செய்தது? தாங்கியை எதிர்ப்பதற்குக் கவசம் துளைக்கும் ரவையும், அகலமான அகழியும், முன்னணியில் நிறுத்திய பீரங்கியும் போதும் என்று முதலில் எண்ணியது. பிறகு ஏ-ஏழு-வீ என்ற தாங்கியைச் செய்தது. 30 தொன் எடை, பதினெட்டுப் பேருக்குக் குறையாத ஆட்கள். ஆனால் களத்துக்கு வந்தவை 20 மட்டுமே. பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றிய தாங்கிகளைத்தான் ஜேர்மனியர் அதனிலும் கூடுதலாக ஓட்டினார்கள்.

1918 ஜூலை 18ஆம் திகதி, சுவாசோன் நகருக்கு அருகிலுள்ள காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான பிரெஞ்சுத் தாங்கிகள் காலாட்படையுடன் புறப்பட்டன. ஜேர்மன் படை அன்று பின்வாங்கத் தொடங்கியது. அந்த நிலையிலிருந்து அதனால் மீள முடியவில்லை. முதல் சுற்றில் பிரான்ஸ் வென்றது. நஷ்டத்திலிருந்து பாடம் படித்தவர் பிரெஞ்சுக்காரர். அலட்சியமாக இருந்தவர் ஜேர்மனியர். இருபத்திரண்டு வருடங்களில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

வென்றவரின் பழைய சரக்கு

யுத்தம் முடிந்தபோது பிரான்ஸின் கையில் ஆயிரக்கணக்கான ரெனோ தாங்கிகள் இருந்தன. அவற்றை எறிய மனம் வருமா? அவை இருக்கும் வரை புதியவற்றுக்குப் பணம் ஒதுக்குவது கடினமாக இருந்தது. 1940இலும் நூற்றுக்கணக்கான பழைய எஃப்.டீ. தாங்கிகள் பிரெஞ்சுப் படையணிகளில் இருந்தன. பழைய சரக்கை விடப் பாரமானது பழைய எண்ணம். 1918இல் தாங்கி காலாட்படையின் நடை வேகத்தில், அதற்குத் துணையாகப் போனது, வெற்றியும் கிடைத்தது. ஆகவே தாங்கியின் வேலை அதுதான் என்று பிரெஞ்சு இராணுவம் எழுதி வைத்துக்கொண்டது. தாங்கிகளைத் தனிப் படையாகத் திரட்ட வேண்டும் என்று டி கோல் 1934இல் ஒரு புத்தகமே எழுதினார். மேலிடம் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஜேர்மனியின் நிலை வேறு. 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை அதற்குத் தாங்கி வைத்திருப்பதையே தடை செய்தது. களஞ்சியம் காலி. கார்களின் மேல் மரச்சட்டமும் துணியும் கட்டி, அதைத் தாங்கியென்று வைத்துப் பயிற்சி செய்தார்கள். 1929 முதல் 1933 வரை சோவியத் நாட்டின் கசான் நகருக்கு அருகில் இரகசியமாக ஒரு பயிற்சிப் பாடசாலையும் நடத்தினார்கள். கையில் பொருள் இல்லாததால், பொருள் வந்தால் அதை எப்படி நடத்துவது என்ற கேள்வியிலேயே அவர்களுடைய காலம் போனது. இவர்களில் முக்கியமானவர் குடேரியன். 1914இல் அவர் வானொலித் தொடர்புப் பிரிவில் கடமையாற்றியவர். தாங்கியில் பீரங்கி எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் றேடியோவும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். தாங்கி, லொறியில் வரும் காலாட்படை, பீரங்கி, பொறியியலாளர், பழுதுபார்ப்பவர் எல்லோரும் ஒரே தலைமையில் இயங்கும் 'பன்சர் டிவிஷன்' மூன்றை 1935இல் அமைத்தார்கள். 1940இல் அவை பத்தாகின.

இருப்புக் கணக்கு

இப்போது 1940 மே மாத இருப்பைப் பார்ப்போம். மேற்கு முனையில் ஜேர்மனியிடம் சுமார் 2,400 தாங்கிகள். பிரான்ஸிடம் மட்டும் 3,000க்கு மேல். ஜேர்மனியின் 2,400இல் பாதிக்கு மேற்பட்டவை பன்சர் ஒன்று, பன்சர் இரண்டு என்ற சிறிய வகைகள். முதலாவதில் பீரங்கியே இல்லை; இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். இரண்டாவதில் 20 மில்லிமீற்றர் பீரங்கி. நல்ல தாங்கிகள் என்று சொல்லக்கூடிய பன்சர் மூன்றும் நான்கும் சேர்ந்து நான்கில் ஒரு பங்கு அளவே. மிச்சத்தில் பல, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து எடுத்துக்கொண்டவை.

பிரான்ஸின் சோமுவா தாங்கியில் 47 மில்லிமீற்றர் பீரங்கி இருந்தது. ஷார் பீ-ஒன்று பிஸ் என்ற கனரகத் தாங்கிக்கு 60 மில்லிமீற்றர் கவசமும் இரண்டு பீரங்கிகளும் இருந்தன. ஜேர்மனியரின் வழமையான 37 மில்லிமீற்றர் குண்டு அதன் முன்புறத்தில் பட்டுத் தெறித்துப் போனது.

ஆனால் அந்தத் தாங்கியின் உள்ளே பார்த்தால் வேறு கதை. பிரெஞ்சுத் தாங்கிகளில் கோபுரத்தினுள் இருந்தவர் ஒரே ஒருவர். எதிரி எங்கே என்று பார்ப்பது, சாரதிக்குத் திசை சொல்வது, குண்டு போடுவது, குறிபார்ப்பது, சுடுவது எல்லாம் அவரே. அவரே படைப்பிரிவின் தலைவராகவும் இருந்தால் மற்றத் தாங்கிகளையும் அவர்தான் நடத்த வேண்டும். பன்சர் மூன்றிலும் நான்கிலும் கோபுரத்தில் மூவர். ஒருவர் குண்டு போடுவார், ஒருவர் சுடுவார், தலைவர் பார்த்துக் கட்டளையிடும் வேலையை மட்டும் செய்வார்.

இரண்டாவது குறை றேடியோ. ஜேர்மன் தாங்கிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் கட்டளையைக் கேட்கும் கருவியாவது இருந்தது. பிரெஞ்சு இலகுரகத் தாங்கிகள் பலவற்றில் அது இல்லை. கொடி காட்டித்தான் செய்தி சொல்ல வேண்டும். இந்தக் குறை தலைமை வரைக்கும் போனது. வன்சென் கோட்டையிலிருந்த பிரதம தளபதி கமலாங்கின் தலைமையகத்தில் றேடியோ இருக்கவில்லை. தொலைபேசியும் மோட்டார் சைக்கிள் தூதரும்தான்.

ஆனூ: தோல்வியில்லாத தோல்வி

மே 12 முதல் 14 வரை பெல்ஜியத்தின் ஆனூ என்ற சிற்றூரைச் சுற்றி இரு தரப்புத் தாங்கிகளும் பெருந்தொகையில் நேருக்கு நேர் மோதின. பிரெஞ்சுத் தரப்பில் ஜெனரல் பிரியூவின் குதிரைப்படைக் கோர். பெயர் அப்படியே தவிர, அது தாங்கிப் படைதான். ஜேர்மன் தரப்பில் 600க்கு மேற்பட்ட தாங்கிகளுடன் இரண்டு பன்சர் டிவிஷன்கள். சோமுவாக்கள் ஜேர்மனியரின் சிறிய தாங்கிகளைத் துளைத்தெடுத்தன. பின்னால் வரும் படை நிலைகொள்ளும் வரை எதிரியைத் தாமதப்படுத்துவதே பிரியூவின் கடமை. அதை அவர் நிறைவேற்றினார்.

மே 14ஆம், 15ஆம் திகதிகளில் ஜம்புலூவில் ஜேர்மன் தாங்கிகள் மீண்டும் மோதின. அங்கே ரயில் பாதை ஓரமாக நிலைகொண்டிருந்தவற்றுள் முதலாவது மொரோக்கோ டிவிஷனும் ஒன்று. மொரோக்கோ நாட்டு வீரர்களும் பிரெஞ்சுப் பீரங்கிகளும் சேர்ந்து பன்சர்களை மறித்து நிறுத்தினார்கள். காலாளும் பீரங்கியும் ஒத்துழைத்தால் தாங்கியை நிறுத்தலாம் என்பதற்கு இது சாட்சி.

ஆனாலும் ஆனூவில் பிரெஞ்சுக்காரர் நூற்றுக்கு மேற்பட்ட தாங்கிகளை இழந்தார்கள். ஜேர்மன் தாங்கிகளும் அதேபோல் பெருமளவில் சேதமடைந்தன. ஆனால் களம் ஜேர்மனியர் கையில் நின்றது. சேதமடைந்தவற்றை இழுத்துப் போய்த் திருத்தி மீண்டும் ஓட்டினார்கள். பின்வாங்கியவரோ சிறு பழுதுள்ள தாங்கியையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம், உண்மையான தாக்குதல் அங்கே நடக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் தமது சிறந்த படைகளைப் பெல்ஜியத்துக்கு அனுப்பியிருந்த வேளையில், ஏழு பன்சர் டிவிஷன்கள் தெற்கே ஆர்டென் காட்டு வழியாக வந்து மே 13ஆம் திகதி மியூஸ் நதியைக் கடக்கத் தொடங்கின.

எண்ணெய் இல்லாத இரும்பு

அந்தப் பிளவை அடைக்கப் பிரான்ஸிடம் கனரகத் தாங்கிகள் கொண்ட மூன்று டிவிஷன்கள் இருந்தன. எல்லாம் சில மாதங்களுக்கு முன்னர் அமைத்தவை. அவற்றுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

முதலாவது டிவிஷன் மே 15ஆம் திகதி பெல்ஜியத்தின் ஃபிளாவியோனில் பெற்றோலுக்குக் காத்து நின்றது. கனரகத் தாங்கி குடிக்கும் எண்ணெய் அதிகம். நிரப்பினால் சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். எண்ணெய் கொண்டுவரும் வாகனங்கள் அணியின் கடைசியில், அகதிகள் நிறைந்த வீதியில் சிக்கியிருந்தன. அந்த நேரத்தில் ரொமெலின் பன்சர்களும், அவற்றின் பின்னால் வந்த இன்னொரு பன்சர் டிவிஷனும் வந்து சேர்ந்தன. நகர முடியாத தாங்கிகளைப் பிரெஞ்சுக்காரர் தாமே கொளுத்த வேண்டி வந்தது. ஜேர்மனியரிடமோ 20 லீற்றர் தகர கேன்கள் ஏராளம். கையால் தூக்கி ஊற்றிவிட்டு ஓடினார்கள். வழியிலுள்ள பிரெஞ்சுப் பெற்றோல் நிலையங்களிலும் நிரப்பிக்கொண்டார்கள்.

இரண்டாவது டிவிஷனின் தாங்கிகளை ரயிலிலும், அவற்றுக்கான எண்ணெய், உதிரிப்பாக லொறிகளை வீதியிலும் அனுப்பினார்கள். இரண்டும் சந்திப்பதற்கு முன் ஜேர்மனியர் நடுவே புகுந்துவிட்டார்கள். மூன்றாவது டிவிஷன் செடானுக்கு அருகில் சேர்ந்து நின்றது. எதிர்த்தாக்குதலுக்குச் சரியான நேரத்தில், அதை இருபது கிலோமீற்றர் அகலத்துக்கு இரண்டு மூன்று தாங்கிகளாகப் பிரித்து, வீதிகளுக்குக் காவல் வைத்தார் கட்டளைத் தளபதி.

சரக்கில் குற்றமில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். மே 16ஆம் திகதி ஸ்டோன் என்ற கிராமத்துக்குள் கெப்டன் பியர் பிய்யோத் ஒரு கனரகத் தாங்கியைத் தனியாகச் செலுத்திப் போனார். தெருவில் வரிசையாக நின்ற பதின்மூன்று ஜேர்மன் தாங்கிகளை அழித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருடைய தாங்கியில் 140 குண்டுகள் பட்ட அடையாளம். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஆனால் மே 20ஆம் திகதி ஜேர்மன் தாங்கிகள் அபெவில் ஊடாகக் கடற்கரையை எட்டிவிட்டன. பிய்யோத்தின் வீரம் ஒரு தெருவை வென்றது. நாட்டைக் காக்க அது போதவில்லை.

ஜேர்மனியர் ஒன்றும் தவறு செய்யாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஆர்டென் காட்டு வீதிகளில் சுமார் 40,000 வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. அந்த வேளையில் பலமான விமானத் தாக்குதல் நடந்திருந்தால் கதை மாறியிருக்கும். அது ஒரு சூதாட்டம், பலித்தது. ஜேர்மனியின் விமானப் படையும் அதற்குப் பெருந்துணை. ஹிட்லரின் ஆட்சி அந்த வெற்றியைக் கொண்டு ஐரோப்பாவுக்குச் செய்த கொடுமையை உலகம் அறியும். ஆகவே இங்கே யாரையும் மெச்சுவதற்கு ஒன்றுமில்லை. தோற்றவரின் கணக்கைத்தான் பார்க்கிறோம்.

நமது கல்லாவுக்கு வருவோம்

இந்தக் கணக்கிலிருந்து நாம் நம்மிடமே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, கோபுரத்தில் ஒருவர்தானா? முதலாளியே கல்லாவில் இருந்து, அவரே கொள்முதல் செய்து, அவரே கடன் அறவிட்டு, தொலைபேசிக்கும் அவரே பதில் சொல்லும் கடைகள் நம்மிடம் அதிகம். செலவு மிச்சம் என்று எண்ணுகிறோம். ஆனால் சந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தலை நிமிர்த்திப் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்துக் கண்ணை இழக்கிறோம்.

இரண்டாவது, செய்தி எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது? கடையில் முடிந்த சரக்கு களஞ்சியக்காரருக்கு எப்போது தெரியும்? லொறிச் சாரதி வெளியூரில் கேள்விப்பட்ட விலை முதலாளிக்கு எப்போது தெரியும்? கையடக்கத் தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் கெட்ட செய்தியைச் சொல்ல ஊழியர் பயந்தால், நம்மிடமும் றேடியோ இல்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது, எண்ணெய் எங்கே நிற்கிறது? வியாபாரத்துக்கு எண்ணெய், கையில் புழங்கும் பணம். முழுப் பணத்தையும் கட்டடத்திலும் வாகனத்திலும் சரக்கிலும் முடக்கிவிட்டு, காசோலை வங்கிக்கு வரும் நாளில் கைமாற்றுக்கு ஓடுபவர் ஃபிளாவியோனில் நின்ற தாங்கியைப் போன்றவர். இரும்பு தடிப்பானது; ஆனால் நகராது.

நான்காவது, பலத்தைச் சிதறடித்து வைத்திருக்கிறோமா? ஒரு கடை நன்றாக ஓடியதும் நான்கு ஊரில் நான்கு சிறு கிளை, நான்கிலும் அரைகுறைச் சரக்கு. போட்டியாளர் ஒரே இடத்தில் முழுப் பலத்துடன் வந்து நிற்கும்போது, நமது மொத்த இருப்பு அவருடையதை விடக் கூடுதலாக இருந்தும், அந்த இடத்தில் நாம்தான் குறைந்தவர்.

1918இல் வென்ற முறையை 1940இலும் நம்பி இருந்ததுதான் பிரான்ஸின் மூல நோய். வாப்பா காலத்தில் இப்படித்தான் செய்தோம், இலாபம் வந்தது என்பதும் அதே பேச்சுதான். அந்தக் காலத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். வருட முடிவில் இருப்பெடுக்கும்போது சரக்கை மட்டும் எண்ணாமல், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சரக்கு எவ்வளவு என்பதைக் கணக்குப் பிள்ளை சொல்லிவிடுவார். மற்ற நான்கையும் முதலாளிதான் எண்ண வேண்டும்.